மூவரில் மூன்றாமவர்

மூன்று என்னும் எண்ணின்மேல் தமிழ்மக்களுக்குத் தனிப்பற்று உண்டு. மண்ணை ஆண்டோரை மூவேந்தர் என்றோம். தேவாரம் பாடியோரை மூவர் முதலிகள் என்றோம். திருவாரூரிற் பிறந்து இசை வளர்த்தோரை மும்மூர்த்திகள் என்றோம். தோட்டத்துப் பழங்களுள்ளும் மூன்றைத் தெரிந்தெடுத்து முக்கனி என்று பெயரிட்டோம். இவ்வரிசைகளிலே ஒரு நேர்மை இருக்கின்றது. எண்ணும்போது மூன்றாவதாக வருபவர் மதிப்பில் மூன்றாமவர் ஆவதில்லை. சுந்தரரை நீக்கினால் மூவர் என்னும் சொல்லே பொருளற்றுப் போய்விடும்.

இந்திய உதைபந்தாட்டத்துக்கும் ஒரு மூவர் உண்டு. பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம் என்னும் அம்மூவரும் 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்தியாவின் முன்வரிசையில் நின்று ஆடியவர்கள். அந்நாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றிலே அதற்கு முன்னும் பின்னும் அத்தகையதொரு முன்வரிசை அமைந்ததில்லை என்பது அவ்விளையாட்டை அறிந்தோர் பலரின் கருத்து. ஆயினும், இந்த மூவருள் மூன்றாமவர் உண்மையாகவே மூன்றாமவராக வைக்கப்பட்டார். முதலிருவரின் பெயரைச் சொன்னபின், சற்றே மூச்சுவாங்கி நினைவுகூர வேண்டிய பெயராக அவர் பெயர் ஆகிவிட்டது.

அம்மூன்றாமவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இது தமிழ் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். வங்காளிகள் அவரைத் தம் கழகத்தின் தலைவராக அறிந்தனர். ஐதராபாத் மக்கள் தம்மூர்ப் பிள்ளையாக அறிந்தனர். தமிழராகிய நாமோ அவரை அறியாமலே இருந்துவிட்டோம். அவர் வாழ்வை இங்கே சுருக்கமாக நோக்குவது, 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடுவதற்காக மட்டுமன்று. மைதானத்தின் ஓரத்திலே ஆடுபவனுக்கு அவன் வாழுஞ் சமூகம் செலுத்தவேண்டிய கடன் யாது என்னும் கேள்வி அவ்வாழ்வில் அடங்கியிருக்கின்றது.

இடது ஓரம்

பலராம் பெரும்பாலும் ஆடிய இடம் முன்வரிசையின் இடது ஓரம். பழைய முறைப்படி பதினோராம் இலக்கச் சட்டை அணிபவனுக்குரிய இடம் அது. நம்மூர்களிலே மூத்த தலைமுறையினர் அவ்விடத்தை இன்றும் 'லெப்ற் அவுட்' என்றே வழங்குவர்.

இந்த இடத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நடுக்களத்தில் ஆடுபவனுக்கு நான்கு திசைகளும் திறந்திருக்கும். ஓரத்தில் ஆடுபவனுக்கோ ஒரு புறம் சுண்ணாம்புக் கோடு. அக்கோடு அவனுக்குச் சுவர்; அதைக் கடந்தால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே பாதி உலகம் மறுக்கப்பட்ட நிலையில், மிஞ்சிய பாதிக்குள்ளே தன் வழியை அவன் கண்டாக வேண்டும். எதிரே நிற்கும் காவலனுக்கும் இது தெரியும். அவனைக் கோட்டோரமாகக் கடந்து எல்லைவரை ஓடிப் பந்தை நடுவே உயர்த்தி அனுப்பலாம். அல்லது சட்டென உட்புறம் வெட்டித் திரும்பிக் கோலை நோக்கலாம். கைவசம் உள்ளவை இவ்விரண்டு வழிகளே. எவ்வழியிற் போகப்போகிறான் என்பதைக் கடைசிக் கணம்வரை காவலன் அறியாதிருக்கச் செய்வதே ஓர ஆட்டக்காரனின் கலை.

இதில் இன்னொரு துன்பமும் உண்டு. அவன் பந்தைத் தானே தேடிப்போய் எடுப்பவனல்லன். பிறர் தரும்வரை காத்திருப்பவன். பத்து நிமிடம் பந்தே வராமலும் போகலாம். வந்தபின் இரண்டு விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். அவன் அனுப்பிய பந்தை நடுவில் நிற்பவன் தலையால் முட்டிக் கோலாக்குவான். மறுநாட் பத்திரிகையில் முட்டியவன் பெயர் வரும். இவ்வகையில் ஓர ஆட்டக்காரனின் தொழில், பிறர் புகழுக்கு ஏணி பிடிக்குந் தொழில்.

பலராமின் சிறப்பு, அவர் ஏணி பிடித்ததோடு நில்லாமல் தாமும் ஏறியவர் என்பது. உள்முன்னணியிலும் நடுமுன்னணியிலும் ஆடும் வன்மை அவருக்கு இருந்தது. பந்தை அடக்கும் நயம், எதிரியை ஏய்க்கும் நெளிவு, தக்க தருணத்தில் தோழனுக்கு ஈயும் மனம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்ந்தவர் அவர்.

பட்டாள நகரத்துச் சிறுவன்

ஐதராபாத்தின் இரட்டை நகரமாகிய செகந்திராபாத் ஆங்கிலேயரின் பெரும் படைத்தளமாக வளர்ந்த ஊர். பட்டாளத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு சென்று குடியேறின. அந்நகரைச் சார்ந்த அம்முகுடா என்னும் சிற்றூரில், 1936ஆம் ஆண்டில், வறிய தமிழ்க் குடும்பமொன்றிலே பலராம் பிறந்தார்.

வறிய வீட்டுத் தாயார் தம் மகன் படித்து அரசாங்க உத்தியோகம் ஒன்றிற் சேரவேண்டும் என்று விரும்பியதில் வியப்பில்லை. உத்தியோகத்தின்மேல் நம் தாய்மார்க்குள்ள ஆசையை யாழ்ப்பாணத்து வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதுமில்லை. பந்தை உதைப்பவனுக்குச் சோறு போடுவது யார் என்னும் வினாவுக்கு அக்காலத்திலே விடை இருக்கவில்லை. மகனோ பந்தை விட்டபாடில்லை.

அந்நாளில் இந்திய விளையாட்டு வீரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கிலே பிரான்சுக்கு எதிராக அவ்வாறே ஆடி 2-1 என்ற கணக்கில் மட்டுமே தோற்று உலகின் பாராட்டைப் பெற்றனர். ஆனால் 1952இல் ஹெல்சிங்கியிலே யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றபின், வெறுங்காலின் பெருமை வெறும் பேச்சாயிற்று; சப்பாத்து கட்டாயமாயிற்று. சப்பாத்து வாங்கப் பணமில்லாத சிறுவர் என்செய்வர்? பொலிசார் அணிந்து கழித்த பழைய சப்பாத்துக்களைக் கொண்டு, சக்கிலியர் ஒருவரிடம் மன்றாடித் தமக்கு விளையாட்டுச் சப்பாத்துச் செய்வித்துக்கொண்டார் பலராம் என்று அவர் வரலாறு கூறுகின்றது. கழித்த தோலிற் செய்த அச்சப்பாத்துடனேயே அவர் ஆட்டம் தொடங்கியது.

ஓர் ஆசிரியரின் கண்

அச்சிறுவனைக் கண்டெடுத்தவர் சையத் அப்துல் றகீம். 1909இற் பிறந்த இவர் தொழிலாற் பள்ளி ஆசிரியர் என்பதை இங்கு அழுத்திக் கூறவேண்டும். இவர் பயிற்றிய ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து றோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. 1950இலிருந்து இந்தியத் தேசிய அணியின் பயிற்றுநராகவும் இவர் பணியாற்றினார்.

வகுப்பறையில் நல்லாசிரியர் செய்வதையே றகீம் மைதானத்திற் செய்தார். மாணவன் எதிற் குறையுடையவனோ அதிலேயே அவனுக்குப் பயிற்சி தந்தார். வலக்காலாளர் இடக்காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்னும் விதியுடன் போட்டிகள் நடத்தினார். பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவோருக்கு, ஏய்த்தலே கூடாது, வந்த பந்தை உடனே கொடுத்தல் வேண்டும் என்னும் விதியுடன் போட்டிகள் வைத்தார். தன்னலம் கருதாது ஆடுதல் என்பதை அறவுரையாகப் போதிக்காமல், ஆட்டத்தின் விதியாகவே அமைத்துப் பழக்கினார்.

1950களின் நடுப்பகுதியிலே பலராம் றகீமின் பார்வைக்கு உட்பட்டார். 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐதராபாத் அணி மாகாணங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தை வென்றது. 1956இன் இறுதியில், இருபது வயதே நிரம்பிய நிலையில், மெல்பேண் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியிலே பலராம் இடம்பெற்றார். அங்கே நெவில் டி சூசா அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் போட, இந்தியா 4-2 என்று வென்று அரையிறுதியை அடைந்தது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு அதுவே.

இலங்கை ரசிகர்கள் இந்திய அணியை அறிந்தது அதற்குச் சற்று முன்னர். 1952 முதல் 1955 வரை இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் மோதிய சுற்றுப்போட்டி கொழும்புக் கிண்ணம் என்னும் பெயரால் வழங்கியது. முதற்போட்டி கொழும்பிலேயே நடைபெற்றது. நான்கு முறையும் கிண்ணம் இந்தியாவுக்கே உரித்தாயிற்று. முதன்முறை மட்டும் பாக்கிஸ்தானோடு பகிர்ந்துகொண்டது. பலராம் நாட்டின் சட்டையை அணிந்தபோது அச்சுற்றுப்போட்டி முடிந்துவிட்டிருந்தது.

சிவப்பும் பொன்னும்

1957இல் பலராம் கல்கத்தாவின் ஈஸ்ற் பெங்கால் கழகத்திற் சேர்ந்தார். அக்கழகம் 1920இல் தோற்றுவிக்கப்பட்டது. சிவப்பும் பொன்னும் அதன் நிறங்கள். 1947இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது, கிழக்கு வங்காளத்திலிருந்து வீடும் வயலும் இழந்து இலட்சக்கணக்கானோர் கல்கத்தாவை வந்தடைந்தனர். அவர்களுக்கு அக்கழகம் விளையாட்டுச் சங்கமாக மட்டும் இருக்கவில்லை. விட்டுவந்த ஊரின் பெயரைத் தாங்கிய கடைசி வேலியாகவும் இருந்தது. மோகன் பகானை ஈஸ்ற் பெங்கால் வென்ற நாள், அகதிக் குடியிருப்புக்களிலே பெருநாள். ஊரை இழந்தவனுக்கு ஊரின் பெயர் எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அந்த வங்காள மக்களின் கொடியை உயர்த்திப் பிடித்தவர்கள் பல வேளைகளிலே தென்னாட்டவராயிருந்தமை சுவையான செய்தி. 1949 முதல் 1953 வரை அக்கழகத்தின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் ஐவரையும் 'பஞ்ச பாண்டவர்' என்று கல்கத்தா அழைத்தது. ஐவரும் தென்னிந்தியர். பாண்டவர் சென்ற வழியிலே பலராமரும் சென்றார் எனலாம். பாரதக் கதையிலே கண்ணனின் தமையனாகிய பலராமன் போருக்குப் போகாது தீர்த்த யாத்திரை போனவன். நம் பலராமோ களத்தை விட்டு அகலாதவர்.

1961இல் அவர் கழகத்தின் தலைவரானார். அவ்வாண்டு ஈஸ்ற் பெங்கால் கல்கத்தா லீக் போட்டியில் முதலிடம் பெற்றது. லீக்கிலே மிகுதியான கோல்கள் போட்டவரும் தலைவரே. அக்கழகத்துக்காக அவர் போட்ட கோல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. ஓர ஆட்டக்காரர் ஒருவர் நூறு கோல்களைக் கடப்பதென்பது, துணைப்பாத்திரத்தில் நடித்தே நாடகத்தைத் தன்னதாக்கிக் கொள்வதற்கு ஒப்பாகும்.

மூவருள் ஏனைய இருவரும் அவ்வேளை வேறு அணிகளில் இருந்தனர். கோஸ்வாமி மோகன் பகானுக்கே தம் விளையாட்டு வாழ்வு முழுவதையும் அளித்தவர். பானர்ஜி கீழை இரயில்வே அணியில் ஆடியவர். ஊர்ப்போட்டியிலே ஒருவரையொருவர் வீழ்த்த முனைந்தவர்கள், நாட்டின் சட்டையை அணிந்ததும் ஒரே மாலையில் மூன்று மலர்களாயினர். வலது ஓரத்தில் பானர்ஜி, உட்புறத்தில் கோஸ்வாமி, இடது ஓரத்தில் பலராம்.

றோமும் ஜகார்த்தாவும்

1960இல் றோம் ஒலிம்பிக். இந்தியா ஹங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவில் வீழ்ந்தது. ஹங்கேரி, 1953இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என்று வென்று உலகை அதிரவைத்த நாடு. றோமில் அதன் அணியிலே புளோரியான் அல்பேற் என்னும் இளைஞர் ஆடினார். பின்னர் 1967இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனத் தெரிவானவர் இவரே. அப்பிரிவிலே ஹங்கேரி பெருவை 6-2 என்றும் பிரான்சை 7-0 என்றும் நசுக்கியது. இந்தியாவையோ 2-1 என்று மட்டுமே வெல்ல முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரு கோலைப் போட்டவர் பலராம்.

அடுத்த ஆட்டத்தில் பானர்ஜியின் கோலால் முன்னணி பெற்ற இந்தியா, கடைசி நிமிடங்களில் பிரான்சு சமன்செய்ய, 1-1 என்று முடித்தது. பெருவிடம் 3-1 என்று தோற்று நாடு திரும்பியது. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இது தோல்வி. பிரிவிலே நான்காம் இடம். ஆனால் ஹங்கேரி ஏனைய இரு நாடுகளையும் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் படிப்பவருக்கு, அந்த 2-1 வேறு கதை சொல்லும். எண்களைத் தனியே படித்தல் ஆகாது. அயலோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

இரண்டாண்டின் பின் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் வென்றனர். இவ்விரு வெற்றிகளிலும் பலராம் கோல் போட்டார். அரையிறுதியில் தென்வியட்நாம் 3-2 என்று வீழ்ந்தது.

இறுதியாட்டம் 1962 செப்ரெம்பர் 4இல். இஸ்ரேலையும் தாய்வானையும் விழாவுக்கு அழையாமையை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்தமையால், இந்தோனேசிய மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் நிறைந்த அரங்கிலே இந்தியர் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. அணியினுள்ளேயோ, முன்னர் அடிபட்டுத் தலையில் தையலிட்ட ஜர்ணைல் சிங், பின்காவலை விட்டு முன்வரிசையில் ஆடினார். காய்ச்சலிலிருந்து எழுந்துவந்த பீற்றர் தங்கராஜ் கோலைக் காத்தார். பயிற்றுநர் றகீமைப் புற்றுநோய் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. பானர்ஜி ஒரு கோல், ஜர்ணைல் ஒரு கோல். இந்தியா 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. முதல் ஆட்டத்தில் தம்மை வென்ற அதே தென்கொரியாவை இறுதியில் வென்றனர். ஆசிய விழாவிலே இந்தியா உதைபந்தாட்டத் தங்கம் பெற்றது 1951இலும் 1962இலும் மட்டுமே.

இறுதியாட்டத்தின் கோற்பட்டியலிலே பலராமின் பெயர் இல்லை. ஆனால் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றிராவிடின் இறுதியாட்டமே இல்லை. கூரையை வியப்போர் தூணைத் தட்டிப்பார்ப்பதில்லை.

மூச்சு

1963 ஜூன் 11இல் றகீம் காலமானார். அதே ஆண்டிலே பலராம் ஈஸ்ற் பெங்காலை விட்டுப் பி. என். ஆர். என்னும் இரயில்வே அணியிற் சேர்ந்தார். ஆனால் அவருடைய உடம்பு அவருடன் வரவில்லை. நுரையீரலைச் சூழ்ந்த மெல்லிய உறையிலே அழற்சி கண்டது.

இந்நோயின் இயல்பை அறிந்தாலன்றி அதன் கொடுமை விளங்காது. நுரையீரல் விரியும்போதும் சுருங்கும்போதும் இந்த உறையின் இரு படைகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லவேண்டும். அழற்சி கண்டால் அவை உராயும். ஆழ மூச்செடுக்குந்தோறும் கத்தியாற் குத்துவது போன்ற நோவு உண்டாகும். உத்தியோகத்தன் இந்நோயோடு நாற்காலியில் அமர்ந்து காலந்தள்ளலாம். ஓர ஆட்டக்காரனின் தொழிலோ மூச்சிலே நிற்பது. நின்ற நிலையிலிருந்து பாய்ந்து முப்பது யார் ஓடவேண்டும், திரும்பவேண்டும், மூச்சு அடங்குமுன் மீண்டும் பாயவேண்டும். ஓர் ஆட்டத்தில் இவ்வாறு பல பத்து முறை. மூச்சு வற்றியபின் காலில் எத்தனை வித்தை இருந்தும் பயனில்லை.

பலராம் விளையாட்டைவிட்டு விலகியபோது அவருக்கு இருபத்தேழு வயது. ஆட்டக்காரன் முதிர்ந்து கனியும் வயது அது. பானர்ஜி 1967 வரையும் கோஸ்வாமி 1968 வரையும் தொடர்ந்து ஆடினர். பின்னர் பானர்ஜி பயிற்றுநராகப் பெரும்புகழ் ஈட்டினார். கோஸ்வாமி துடுப்பாட்டத்திலும் வங்காள அணிக்குத் தலைமை தாங்கினார். இருவரும் பத்திரிகைகளின் பக்கங்களை விட்டு நீங்கவே இல்லை. பலராமோ நீங்கினார். புகழ் என்பது செய்த செயலின் அளவில் மட்டும் நிற்பதன்று. செய்தவன் எத்துணைக் காலம் கண்முன் நின்றான் என்பதிலும் தங்கியிருக்கின்றது.

ஊதியமும் மதிப்பும்

இவ்விடத்தில் வேறொரு நாட்டின் ஓர ஆட்டக்காரரை நினைத்துப் பார்ப்பது தகும். இங்கிலாந்தின் வலது ஓரத்தை ஆண்ட ஸ்ரான்லி மத்தியூஸ் 1915இற் பிறந்தவர். 1965இலே, ஐம்பது வயது நிறைந்தபின்னும், முதற்பிரிவு ஆட்டமொன்றில் ஆடினார். அவ்வாண்டிலேயே 'சேர்' பட்டமும் பெற்றார். இத்தனைக்கும் அந்நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையும் அந்நாளில் மேலானதன்று. வாரத்துக்கு இருபது பவுணுக்குமேல் எவருக்கும் கொடுக்கலாகாது என்னும் வரம்பு 1961 வரை நடைமுறையில் இருந்தது. எனினும், ஆட்டமே தொழில் என்று சட்டம் ஏற்றுக்கொண்டமையால், ஆட்டக்காரர் சங்கம் அமைத்துப் போராடி அவ்வரம்பை உடைக்க முடிந்தது.

இந்தியாவிலோ ஆட்டக்காரன் தொழிலாளியும் அல்லன். முற்றிலும் பொழுதுபோக்குக்காரனும் அல்லன். பெயரளவில் ஊதியமற்றவன், நடைமுறையில் இரயில்வேயோ பொலிசோ தரும் உத்தியோகமே அவனுக்குக் கூலி. தன்னுடைய கலை விலைப்படுகின்றது என்று சொல்லும் உரிமை அவனுக்கில்லை. உடம்பு தளர்ந்த நாளில் அவன் கேட்கக்கூடிய இழப்பீடும் இல்லை. ஆகவே அவனுக்கு எஞ்சியிருக்கக்கூடிய ஒரே சேமிப்பு, மக்கள் மனத்திலுள்ள மதிப்பு. அதுவும் கிட்டாதாயின் அவன் கை வெறுங்கை.

1962இல் பலராமுக்கு அர்ச்சுனா விருது கிடைத்தது. பத்மஸ்ரீ விருது கோஸ்வாமிக்கு 1983இலும் பானர்ஜிக்கு 1990இலும் வழங்கப்பட்டது; பலராமுக்கு அது இறுதிவரை வழங்கப்படவில்லை. மணமாகாத அவர், ஹூக்லி நதிக்கரையிலுள்ள உத்தர்பாரா என்னும் ஊரிலே தனித்து வாழ்ந்தார். தமக்குற்ற புறக்கணிப்பை அவர் மறைத்ததுமில்லை. அதற்காக எவர் வாயிலிலும் போய் நின்றதுமில்லை. 2020 மார்ச்சில் பானர்ஜியும் ஏப்பிரலில் கோஸ்வாமியும் மறைந்தனர். மூவருள் எஞ்சி நின்ற பலராம் 2023 பெப்ரவரி 16இல் கல்கத்தாவில் உயிர்நீத்தார். மறு ஆண்டிலே றகீமின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வெளிவந்து, அந்தப் பொற்காலத்தைப் புதிய தலைமுறைக்கு நினைவூட்டியது. அதைக் காண மூவருள் எவரும் இல்லை.

நம் நாட்டு ஓரங்கள்

பலராமின் வரலாற்றிலே யாழ்ப்பாணத்தார் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. கால்பந்து என்று தமிழகத்தார் கூறுவதை நாம் உதைபந்தாட்டம் என்று கூறி நமதாக்கிக் கொண்டோம். மிசன் கல்லூரிகளின் மைதானங்களிலே ஊன்றிய இந்த விளையாட்டு, பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை முதலாய ஊர்களிலே வேர்விட்டு வளர்ந்தது. கடற்கரை மணலிலே வெறுங்காலுடன் ஓடிப் பழகியவனுக்குப் புற்றரை எளிது. ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு தலைமுறையிலும், 'அவன் லெப்ற் அவுட்டிலே பந்தெடுத்தால் ஒருவரும் மறிக்கேலாது' என்று முதியோர் சொல்லும் ஒருவன் இருந்திருக்கின்றான். அவன் பெயரைக் கேட்டால் சொல்வார்கள். எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எத்தனை கோல் என்று கேட்டால் விடை தளம்பும்.

தளம்புவதற்குக் காரணம் முதியோரின் மறதி மட்டுமன்று. 1981இன் மே இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. ஏடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் எண்ணி நாம் அழுதோம், அழவேண்டியதே. ஆனால் விளையாட்டுப் பக்கங்களையும் நெருப்பு விட்டுவைத்திராது. அப்பக்கங்களோடு அந்த இடது ஓரத்து இளைஞர்களின் வெள்ளிக்கிழமைகளும் சனிக்கிழமைகளும் எரிந்தன. பின்வந்த போரும் இடப்பெயர்வும், வீட்டுப் பெட்டிகளில் மிஞ்சியிருந்த படங்களையும் சான்றிதழ்களையும் கொண்டு போயின. பலராம் புறக்கணிக்கப்பட்டார் என்று நாம் வருந்துகின்றோம். ஆயினும் அவர் போட்ட கோல் எந்த நாட்டுக்கு எதிராக, எந்த ஆண்டில் என்றாவது எழுத்திலே இருக்கின்றது. நம்மவர்க்கு அதுவும் இல்லை.

இன்று காலம் மாறிவருகின்றது. 2024 ஓகஸ்ற்றிலே, இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகனாக வேல்ஸ் நாட்டிற் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தின் முதலணியில் ஆடினார். அந்நாட்டுத் தொழில்முறை உதைபந்தாட்டத்திற் களமிறங்கிய முதல் தமிழர் என்று அவர் போற்றப்பட்டார். பந்தை உதைப்பவனுக்குச் சோறு போடுவது யார் என்று அம்முகுடாவிலே ஒரு தாய் கேட்டிருக்கக்கூடிய வினாவுக்கு, அறுபது எழுபது ஆண்டுகளின் பின் வேறொரு தமிழ்க் குடும்பத்திலே விடை பிறந்திருக்கின்றது. அவர் ஆடும் ஒவ்வொரு நிமிடமும் பதிவாகின்றது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இனிவருவோரின் வரலாறு தானே எழுதப்படும் என்பது, முன்சென்றோரின் வரலாற்றை எழுதாது விடுவதற்கு நியாயமாகாது.

இவ்வேலைக்குப் பெரும் பணமோ பேரறிஞர் குழுவோ தேவையில்லை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம ஏடுகளிலே நம் கல்லூரி மலர்களும் கழக விழா மலர்களும் பல காணக்கிடைக்கின்றன. அவற்றில் அணிப்பெயர்கள் உள்ளன, குழுப்படங்கள் உள்ளன. ஊரிலே எண்பதைக் கடந்த ஆட்டக்காரர் சிலர் இன்னும் திண்ணையிலே இருக்கின்றனர். மலரிலுள்ள படத்தை அவர்முன் வைத்து, 'ஐயா, இதிலே இடப்பக்கம் நிற்பவர் யார்?' என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அன்றைய மாலை முழுவதும் வரலாறு பிறக்கும். உயர்தர வகுப்பு மாணவருக்குச் செயற்றிட்டம் தேடும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். பலராமைக் கண்டெடுத்தவரும் ஆசிரியரே என்பதை அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

திண்ணைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகி வருகின்றன. கேட்கவேண்டியவற்றை இவ்வாண்டிலேயே கேட்டாக வேண்டும்.